திருட்டுப் பழி வந்தால் தொழிலாளி என்ன செய்ய வேண்டும்?

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. தவறு செய்தவன் ஒருவனாகவும், பழி சுமப்பவன் மற்றொருவனாகவும் அமைந்துவிடுவது உலகில் புதியதன்று. எனினும், உழைத்துப் பிழைக்கும் தொழிலாளியின்மீது "முதலாளியின் பொருளைத் திருடினான்" என்ற பழி விழுமாயின், அவருடைய வேலை, வீடு, மானம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் ஆட்டங்காணுகின்றன. அத்தகைய வேளையில் சட்டம் அவருக்கு எவ்வெவ்வழிகளைத் திறந்து வைத்துள்ளது என்பதை எளிய முறையில் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

சில காலத்திற்கு முன் பண்டமாரானில் நடைபெற்ற விளக்கக் கூட்டம் ஒன்றில் இதுபற்றிப் பேசும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல இன்று கிள்ளான், பண்டமாரான் வட்டாரங்களில் குடியிருந்து, துறைமுகக் கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்து வருகின்றன. கூட்டம் முடியும் தறுவாயில், பல்லாண்டுகள் பால்மரம் சீவிய முதியவர் ஒருவர் எழுந்து நின்றார்.

"ஐயா, நான் குற்றவாளி இல்லை என்று கோர்ட்டே என்னை விட்டுவிட்டது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். வேலை இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அப்படியானால் கோர்ட்டு சொன்னதற்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்டார்.

நடந்ததை அவரே விவரித்தார். ஸ்டோரிலிருந்து இரண்டு மூட்டை கட்டிப்பால் காணாமற்போயிற்று. அவர்மீது ஐயங்கொண்ட நிர்வாகம் போலீசில் புகார் செய்தது. வேலைநீக்கக் கடிதமும் கொடுத்தது. "முதலில் வழக்கு முடியட்டும், பிறகு வேலையைக் கேட்போம்" என்று அவர் காத்திருந்தார். வழக்கு முடிய ஓராண்டுக்கு மேலாயிற்று. அவர் விடுதலையானார். ஆனால் வேலையைத் திரும்பக் கேட்பதற்குச் சட்டம் கொடுத்திருந்த காலம் 60 நாள் மட்டுமே. அது கடந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

அவருக்கு நேர்ந்த இழப்பு பிறருக்கும் நேராதிருக்க வேண்டுமாயின், ஓர் அடிப்படை உண்மையை நாம் முதலில் உணர்தல் வேண்டும்.

ஒரு பழி, இரண்டு வழக்குகள்

திருட்டுப் பழி ஒன்றேயாயினும், அது இரண்டு தனித்தனிப் பாதைகளில் செல்கிறது. முதலாவது, வேலை தொடர்பான பாதை. இது நிர்வாகத்தின் உள் விசாரணையில் தொடங்கி, தேவைப்பட்டால் தொழிலியல் நீதிமன்றம் வரை செல்லும். இரண்டாவது, குற்றவியல் பாதை. இது போலீஸ் நிலையத்தில் தொடங்கி, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திற்குச் செல்லும்.

இவ்விரண்டிற்கும் சட்டம் வேறு, நீதிபதி வேறு, காலக்கெடு வேறு. மெய்ப்பிக்கும் அளவும் வேறு. ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமாயின், நியாயமான ஐயத்திற்கு இடமில்லாதவாறு குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். வேலைநீக்க வழக்கிலோ, இருபக்கச் சான்றுகளையும் சீர்தூக்கிப் பார்த்து, எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்புண்டு என்று முடிவு செய்தால் போதும். தெலிகோம் மலேசியா நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் 2002-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. நிறுவனத்தின் பொருளைத் திருடியது போன்ற குற்றத்திற்காக ஒருவர் வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தாலும், தொழிலியல் நீதிமன்றம் குற்றவியல் நீதிமன்றத்தின் கடுமையான அளவைக் கைக்கொள்ள வேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆகவே, குற்றவியல் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றவர் தாமாகவே வேலையைத் திரும்பப் பெற்றுவிடுவதில்லை. அவ்வாறே, வேலையை இழந்தவர் எல்லாரும் சட்டத்தின் முன் குற்றவாளி ஆகிவிடுவதுமில்லை. முதியவரின் கேள்விக்கு விடை இதுதான்: நீதிமன்றம் சொன்னது உண்மை, ஆனால் அது வேறொரு கேள்விக்குச் சொன்ன விடை.

திருட்டு என்பது யாது?

தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவு திருட்டை வரையறுக்கிறது. பிறர் வசமுள்ள அசையும் பொருளை, அவருடைய சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்துடன் எடுத்துக்கொள்ளும் பொருட்டு நகர்த்துவதே திருட்டு. இவ்வரையறையில் "நேர்மையற்ற எண்ணம்" என்பது உயிர்நாடியாகும். பொருள் தம்முடையது என்று நல்லெண்ணத்துடன் நம்பி எடுத்தவர் திருடர் ஆகார்.

எடுத்துக்காட்டாக, நிரையில் சிந்திக் கிடந்த ஒட்டுப்பாலைப் பொறுக்கிக்கொள்ளுமாறு மண்டோர் அனுமதித்ததாகத் தொழிலாளி ஒருவர் உண்மையாகவே நம்பி எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அனுமதி உண்டா, இல்லையா என்பதில் அவர் தவறியிருக்கலாம். ஆயினும் நேர்மையற்ற எண்ணம் அவரிடம் இல்லை. ஆகவே, "எடுத்தாயா?" என்ற கேள்விக்கு "எடுத்தேன்" என்று மட்டும் விடையளிப்பது ஆபத்தானது. யார் அனுமதித்தார், எப்போது அனுமதித்தார், வழக்கமாக என்ன செய்வார்கள் என்பனவற்றையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.

தொழிலாளி தம் முதலாளி வசமுள்ள பொருளைத் திருடினால், அது 381-ஆம் பிரிவின்கீழ் வரும். தம்மிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளையோ பணத்தையோ கையாடினால், அது 408-ஆம் பிரிவின்கீழ் நம்பிக்கை மோசடியாகும். ஸ்டோர் பொறுப்பாளர், கிராணி போன்றோர்மீது பெரும்பாலும் இப்பிரிவே சாட்டப்படும். இதற்குக் குறைந்தது ஓராண்டும் கூடியது 14 ஆண்டும் சிறைத்தண்டனையும், பிரம்படியும் உண்டு, அபராதமும் விதிக்கப்படலாம். எனவே, எப்பிரிவின்கீழ்க் குற்றஞ்சாட்டப்படுகிறது என்று கேட்டறிவது முதற்கடமையாகும்.

நிர்வாகத்தின் விசாரணை

ஒரு காலத்தில் துரையின் சொல்லே தோட்டத்தின் சட்டமாக இருந்தது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் முன்னோர், அதிகாரிகளைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தையும் ஒழிக்கக் கோரினர். இன்று நிலைமை அவ்வாறில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒழுங்கீனத்திற்காக ஒருவரை நீக்குமுன் முறையான விசாரணை நடத்தப்பட வேண்டும் என்று கூறுகிறது. 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து, தீபகற்ப மலேசியாவில் இச்சட்டம், சில பிரிவுகள் நீங்கலாக, சம்பள வரம்பின்றித் தொழிலாளர் அனைவருக்கும் பொருந்துகிறது. தோட்டத்தில் பால்வெட்டுபவருக்கும், துறைமுகக் கிடங்கில் மூட்டை அடுக்குபவருக்கும் இது பொதுவான பாதுகாப்பாகும்.

விசாரணைக்காக ஒருவரை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். ஆனால் அந்நிறுத்தம் ஒரு வாரத்திற்கு மேற்படலாகாது; அக்காலத்தில் பாதிச் சம்பளத்திற்குக் குறையாமல் கொடுத்தல் வேண்டும். விசாரணையில் குற்றம் இல்லை என்று தெரியவந்தால், பிடித்து வைத்த மீதிச் சம்பளத்தையும் உடனே கொடுத்துவிட வேண்டும்.

வழக்கமாக, முதலில் காரணம் கோரும் கடிதம் ஒன்று வரும். எந்த நாளில், எந்த இடத்தில், எந்தப் பொருளை எடுத்ததாகக் குற்றச்சாட்டு என்பது அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். தெளிவில்லையாயின், விளக்கம் கேட்டு எழுதலாம். கடிதத்திற்குப் பதில் எழுதாமல் விட்டுவிடுதல் கூடாது. மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளும் நிர்வாகங்களும் உண்டு.

விசாரணையின்போது தொழிலாளி கேட்டுப் பெற வேண்டியவை சில உள. தயார் செய்துகொள்ளப் போதிய அவகாசம், தமக்கு விளங்கும் மொழியில் விசாரணை, தமக்கு எதிராகச் சாட்சி சொல்வோரைக் குறுக்குக் கேள்வி கேட்கும் உரிமை, தம் சாட்சிகளை அழைக்கும் உரிமை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. புகார் செய்தவரே விசாரணைக்குத் தலைமை வகிப்பது முறையன்று. தொழிற்சங்கப் பிரதிநிதி உடனிருக்க வேண்டுமென எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நலம். கேட்டது மறுக்கப்பட்டால், மறுத்ததையும் குறித்து வைத்தல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. "உள் விசாரணையே நடத்தவில்லை, ஆகவே நான் வென்றுவிடுவேன்" என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. விசாரணை நடத்தாத குறையொன்றினாலேயே வேலைநீக்கம் செல்லாததாகிவிடாது என்றும், தொழிலியல் நீதிமன்றமே உண்மையைப் புதிதாக விசாரித்து முடிவு செய்யலாம் என்றும் கூட்டரசு நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. எனவே, உண்மைச் சான்றுகளைச் சேர்த்து வைப்பதே தொழிலாளியின் வலிமை. அன்றைய பெரட்டுக் கணக்கு, எடை போட்ட சீட்டு, உடன் வேலை செய்தவர்களின் பெயர், வீட்டுக்குத் திரும்பிய நேரம் ஆகியவற்றை மறப்பதற்குள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும்.

கையெழுத்திடுமுன் சிந்திக்க

பழி வந்த முதல் நாளிலேயே அலுவலகத்தில் ஒரு காகிதம் நீட்டப்படலாம். "நீயாகவே விலகிவிடு, போலீசுக்குப் போகமாட்டோம்" என்று சொல்லப்படலாம். அச்சத்தாலும் அவமானத்தாலும் பலர் அங்கேயே கையெழுத்திட்டு விடுகின்றனர். பின்னாளில் அவர்களை வீழ்த்துவது பெரும்பாலும் அந்தக் காகிதமே.

"விலகு, இல்லையேல் நீக்குவோம்" என்று நெருக்கிப் பெற்ற விலகலைத் தொழிலியல் நீதிமன்றம் வேலைநீக்கமாகவே கருதக்கூடும். ஆனால் நெருக்கப்பட்டதை மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின்மேல் விழும். அதுபோன்றே, அதிகாரமுடையவர் மிரட்டியோ, ஆசை காட்டியோ பெற்ற குற்ற ஒப்புதல் குற்றவியல் நீதிமன்றத்தில் செல்லாது என்று சாட்சியச் சட்டம் கூறுகிறது. எனினும், மிரட்டல் நடந்ததா என்பதை அங்கே வாதாடியே நிலைநாட்ட வேண்டியிருக்கும். ஒரு நிமிடத்தில் இட்ட கையெழுத்தைக் கலைக்க ஓராண்டு அலைய நேரிடலாம்.

ஆகவே, விளங்காத மொழியில் உள்ள எதிலும், படித்துக் காட்டப்படாத எதிலும் கையெழுத்திட வேண்டாம். "வீட்டில் கலந்து பேசி நாளை வருகிறேன், ஐயா" என்று பணிவாகச் சொல்லி, நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கடிதம் கிடைத்ததற்காக மட்டும் கையெழுத்து வேண்டுமாயின், "பெற்றுக்கொண்டேன், ஒப்புக்கொள்ளவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடலாம்.

காணாமற்போன பொருளின் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகவும் கூறப்படலாம். வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு அனுமதிக்கும் பிடித்தங்களைத் தவிர வேறெதையும் நிர்வாகம் தன்னிச்சையாகப் பிடிக்க இயலாது. அவ்வாறு பிடிக்கப்பட்டால் தொழில் இலாகாவில், அதாவது ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவில், புகார் செய்யலாம். வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கும் அதுவரை உழைத்த நாள்களுக்கான சம்பளம் உண்டு என்பதை மறவாதீர்.

"பணத்தைக் கட்டிவிட்டால் புகாரை மீட்டுக்கொள்வோம்" என்ற வாக்குறுதியை நம்பியும் பலர் ஏமாறுகின்றனர். போலீசில் புகார் பதிவான பின், வழக்குத் தொடுப்பதா, கைவிடுவதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் கூட்டரசு அரசியலமைப்பின் 145-ஆம் விதிப்படி அரசாங்கத் தலைமை வழக்கறிஞருக்கே உரியது. பணம் கட்டியதே பின்னர் ஒப்புதலுக்குச் சான்றாகக் காட்டப்படவும் கூடும்.

போலீசும் நீதிமன்றமும்

கைது செய்யப்பட்டவருக்கு அரசியலமைப்பின் 5-ஆம் விதி பாதுகாப்பளிக்கிறது. கைதுக்கான காரணத்தை இயன்ற விரைவில் அறிவிக்க வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அவருக்கு உரிமை உண்டு. பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதான செய்தியை உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்கும், வழக்கறிஞருக்கும் தெரிவிக்கும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு வழங்குகிறது.

விசாரணை முடியவில்லையெனில், மாஜிஸ்திரேட் தடுப்புக்காவலுக்கு அனுமதிக்கலாம். 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயின், முதல் தடவை 4 நாளும், இரண்டாம் தடவை 3 நாளும் என மொத்தம் 7 நாளுக்கு மேற்படலாகாது. மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது, அடிபட்டிருந்தாலோ, உடல்நலம் குன்றியிருந்தாலோ, வீட்டாருக்குச் செய்தி போகவில்லை என்றாலோ அஞ்சாமல் சொல்லலாம்.

போலீஸ் வாக்குமூலம் எடுக்கும்போது உண்மையையே சொல்ல வேண்டும். ஆனால் தம்மைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்கு விடையளிக்க மறுக்கும் உரிமையை 112-ஆம் பிரிவு கொடுக்கிறது. "அக்கேள்விக்கு நீதிமன்றத்தில் விடை சொல்கிறேன்" என்று மரியாதையாகக் கூறலாம். வாக்குமூலத்தைப் படித்துக் காட்டக் கேட்டு, திருத்த வேண்டியதைத் திருத்திய பின்னரே கையெழுத்திட வேண்டும்.

நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வாசிக்கப்படும்போது, மலாய்மொழியில் தடுமாற்றம் உள்ளவர் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். "ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும்" என்று யாரேனும் சொன்னதை நம்பி, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளலாகாது. அபராதம் ஒரு நாளில் தீர்ந்துவிடும். குற்றப் பதிவோ அடுத்த வேலை தேடும்போதெல்லாம் எதிரே வந்து நிற்கும். விசாரணை கோரி, ஜாமீன் கேட்பதே அத்தகையோர்க்கு உரிய வழி.

எடுத்தது உண்மையானால்

எல்லாப் பழியும் பொய்ப்பழி என்று நாம் கூறவில்லை. வறுமையாலோ, கூடாநட்பாலோ ஒருவர் தவறியிருந்தாலும் சட்டம் அவரைக் கைவிட்டு விடுவதில்லை. முதற் குற்றம், வயது, நன்னடத்தை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைக் கருதி, தண்டனைப் பதிவின்றி நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவு இடமளிக்கிறது. இது நீதிமன்றத்தின் விருப்பதிகாரம். வழக்கறிஞரின் துணையுடன் வேண்டிக்கொள்ளத்தக்கது.

வேலைநீக்க வழக்கிலும் நீதிமன்றம் இரண்டு கேள்விகளை எழுப்பும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா? ஆம் எனில், அது வேலையையே பறிக்கத் தக்க காரணமா? 1995-ஆம் ஆண்டு மிலான் ஆட்டோ வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் வகுத்த நெறி இது. நீண்டகாலக் களங்கமற்ற சேவையை இங்கு எடுத்துரைக்கலாம். ஆயினும், நேர்மைக் குறைவை நீதிமன்றங்கள் கடுமையாகவே நோக்குகின்றன என்பதையும் மறைத்தற்கில்லை.

அறுபது நாள்

இப்பாடத்தின் மையத்திற்கு இப்போது வருவோம். தக்க காரணமின்றித் தாம் நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்கீழ், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள், தொழிலியல் உறவு இலாகாவிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். மலாய்மொழியில் இவ்விலாகா ஜபாத்தான் பெர்ஹுபுங்ஙான் பெருசஹாஆன் எனப்படும். மார்ச் முதல் தேதி நீக்கப்பட்டவர், ஏப்ரல் மாத முடிவுக்குள் முறையீட்டைச் சேர்த்துவிட வேண்டும். கடைசி நாள் வரை காத்திராமல், முதல் வாரத்திலேயே சென்றுவிடுவது சாலச் சிறந்தது.

இக்கெடு வெறும் அலுவலக வழக்கமன்று. ரப்பர்ப் பொருள் உற்பத்தி செய்த ஃபுங் கியோங் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், முறையீட்டுக் காலக்கெடு கட்டாயமானது என்று கூட்டரசு நீதிமன்றம் 1981-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. குற்றவியல் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக இக்கெடு காத்திருக்காது. எனவே, வழக்கு ஒருபுறம் நடக்கட்டும். முறையீடு மறுபுறம் சென்று சேரட்டும்.

முறையீடு கிடைத்தபின், இலாகா இருதரப்பையும் அழைத்து இணக்கப் பேச்சு நடத்தும். இணக்கம் ஏற்படாவிடில், 2021-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, அமைச்சரின் முடிவுக்குக் காத்திராமல், இலாகாவின் தலைமை இயக்குநரே வழக்கைத் தொழிலியல் நீதிமன்றத்திற்கு அனுப்புவார். அங்கே குற்றச்சாட்டை மெய்ப்பிக்கும் கடமை நிர்வாகத்தையே சாரும். தொழிலாளி வென்றால், மீண்டும் வேலை கிடைக்கலாம். அல்லது அதற்கு ஈடாக நட்ட ஈடும், 24 மாதத்திற்கு மேற்படாத பழைய சம்பளமும் கிடைக்கலாம்.

உதவி நாடுமிடம்

தோட்டத் தொழிலாளர் முதலில் நாட வேண்டியது தம் தொழிற்சங்கத்தை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்க உறுப்பினர்கள் தம் தோட்டக் கிளைத் தலைவரிடம் அன்றைக்கே தகவல் தெரிவிக்க வேண்டும். குற்றவியல் வழக்கில், 2012-ஆம் ஆண்டு முதல் செயற்பட்டு வரும் யயாசான் பந்துவான் குவாமான் கெபங்சாஆன் என்ற அறநிறுவனத்தின்வழி, தகுதியுள்ள குடிமக்களுக்கு வழக்கறிஞர் உதவி கிடைக்கிறது. அரசாங்கச் சட்ட உதவி இலாகாவும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் உள்ளன. கைதானவரின் வீட்டார் அழுதுகொண்டு லயத்தில் அமர்ந்திராமல், அடையாளக் கார்டு எண்ணையும், எந்தப் போலீஸ் நிலையம் என்பதையும் குறித்துக்கொண்டு இவற்றுள் ஒன்றை உடனே அணுகுவாராக.

நினைவிற் கொள்க

1. வேலை வழக்கும் குற்றவியல் வழக்கும் தனித்தனி. ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்தி வைக்காதீர்.
2. படித்து விளங்காத எதிலும் கையெழுத்திடாதீர். அச்சத்தால் விலகல் கடிதம் கொடாதீர்.
3. நடந்ததை அன்றே எழுதி வையுங்கள். கடிதங்களின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.
4. கைதானால் காரணம் கேளுங்கள்; வீட்டாருக்கும் வழக்கறிஞருக்கும் செய்தி அனுப்பக் கேளுங்கள்.
5. வேலைநீக்கக் கடிதம் கிடைத்த அன்றே நாள்காட்டியில் 60-ஆம் நாளைக் குறித்து வையுங்கள்.

பண்டமாரான் கூட்டத்தில் அம்முதியவர், பக்கத்திலிருந்த தம் பேரனைக் காட்டி, "எனக்குத்தான் தெரியாமற் போயிற்று, இவனுக்காவது தெரியட்டும், ஐயா" என்றார். அப்பிள்ளை துறைமுகக் கிடங்கொன்றில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வாசகர்கள் இப்பாடத்தைப் படித்து முடித்தபின், படிக்க இயலாத பக்கத்து வீட்டாருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.